நினைவு மலர் தொகுக்கும் பேரன் பேத்திகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேரன்மாருக்கும் பேத்திமாருக்கும்,

பாட்டி காலமாகி, காரியங்களெல்லாம் கழிந்து, வந்திருந்த உறவினர் அவரவர் ஊர் திரும்பிய பிறகு, குடும்பத்தில் நாலு வரி பிழையில்லாமல் எழுதக் கூடியவன் என்றோ கூடியவள் என்றோ பெயரெடுத்துவிட்ட ஒரே குற்றத்துக்காக, "பாட்டிக்கு ஒரு மலர் போட வேண்டும், அதை நீதான் எழுத வேண்டும்" என்று பெரியவர்களால் பொறுப்புச் சுமத்தப்பட்டிருக்கும் உங்களுக்கே இம்மடலை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பமாக இருந்தால் உங்களுக்கு அவசரம் அதிகம். 31-ஆம் நாளுக்குள் கல்வெட்டு என்று அங்கே வழங்கும் நினைவு மலர் அச்சாகி, வருவோர் கையில் சேர்ந்தாக வேண்டும். தமிழ்நாட்டுக் குடும்பமாக இருந்தால் அத்தகைய நியமம் இல்லை; முதலாண்டு நினைவு நாளில் பத்திரிகையில் ஒரு கட்டம் போடுவதோடு பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள், வசதியும் ஆர்வமும் உள்ளவர்கள் சிறு புத்தகமாகவே கொண்டுவருகிறார்கள்.

இவ்வகை மலர்கள் எங்கே கிடைத்தாலும் ஆசையோடு வாங்கிப் படிக்கும் சுபாவம் எனக்கு உண்டு. இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவின் தளை தட்டுகிறதா என்று பார்ப்பேன். வம்சாவளியில் யார் எந்த ஊரில் பெண்ணெடுத்தார், யார் மலாயாவுக்குப் போய் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தார், யாருடைய பெயருக்கு நேரே ஏன் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் துருவிப் பார்ப்பேன். அவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பெரிய சரித்திராசிரியர்கள் கைவிட்ட எத்தனையோ விவரங்களை அந்தப் பக்கங்களே காப்பாற்றி வைத்திருக்கின்றன. என் மனஸ்தாபமெல்லாம் நடுவில் வருகிற 'வாழ்க்கைக் குறிப்பு' என்ற இரண்டு பக்கங்களோடுதான். அன்பின் இருப்பிடம், பொறுமையின் சிகரம், தியாகத்தின் திருவுருவம், வந்தவர்க்கெல்லாம் வயிறார அன்னமிட்டார், பிறருக்காகவே வாழ்ந்தார், தமக்கென்று எதையும் விரும்பியதில்லை. ஒரு மலரிலுள்ள புகைப்படத்தை எடுத்து இன்னொரு மலரில் ஒட்டிவைத்தால், அந்தந்தக் குடும்பத்தாரைத் தவிர வேறு எவருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. பாட்டி தமக்கென்று எதையும் விரும்பியதில்லை என்று அத்தனை நிச்சயமாக எழுதுகிறீர்களே, அதை அவரிடம் ஒரு நாளாவது கேட்டுப் பார்த்தவர் உங்களில் யார்?

இதைச் சொல்ல நம் ஊர்ப் பாட்டி ஒருவரை உதாரணமாகக் காட்டினால், அவருடைய உறவினர் எவரேனும் மனம் வருந்தக் கூடும். ஆகையால் வெகுதூரத்திலிருந்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து, ஒரு பாட்டியைக் கொண்டுவருகிறேன். எம்மா கேட்வுட் என்பது அவர் பெயர். அவருடைய நாட்டில் பிரஸித்தமானவர்தான்; ஆனால் அந்தப் பிரஸித்தியே அவருடைய வாழ்க்கையில் ஒரு பாதியை வெகுகாலம் மறைத்து வைத்திருந்தது என்பதனால், அவர் உங்கள் வேலைக்கு மிகவும் பொருத்தமானவர் என்று எனக்குத் தோன்றுகிறது.

எம்மா அம்மாள் 1887-ஆம் வருஷம் அக்டோபர் 25-ஆம் தேதி, ஒஹையோவின் தென்கோடியில் காலியா என்னும் வட்டாரத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். அவரோடு பிறந்தவர்களையும் சேர்த்து அவ்வீட்டில் குழந்தைகள் 15 பேர். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது; ஆயினும் கையில் கிடைத்த புத்தகங்களை விடாமல் படிக்கும் பழக்கம் கடைசிவரை இருந்தது, கவிதை எழுதும் வழக்கமும் பிற்காலத்தில் ஏற்பட்டது. 19-ஆம் வயதில், தம்மைவிட மூத்தவரும் ஓரளவு படித்தவருமான ஒருவரை மணந்துகொண்டார். பிறந்த குழந்தைகள் 11. நிலத்தில் உழைப்பது, புகையிலைப் பயிரைப் பார்ப்பது, துணி தைப்பது, சமைப்பது, துவைப்பது, பிரசவிப்பது என்று முப்பது வருஷத்துக்கு மேல் கழிந்த அந்த வாழ்க்கையை, நம் மலர்களின் பாஷையில் எழுதுவதாக இருந்தால் ஒரே வாக்கியத்தில் எழுதி முடித்துவிடலாம்: நல்ல மனைவி, நல்ல தாய்.

உண்மையோ வேறு. கணவர் மணமான சில மாதங்களிலேயே கைநீட்டத் தொடங்கிவிட்டார். அது முப்பது வருஷமும் ஓயவில்லை. எலும்பு முறியவும் பல் உடையவும் முகம் அடையாளம் தெரியாமல் போகவும் அடிபட்ட அந்த ஸ்திரீ, தாங்க முடியாத பொழுதுகளில் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டுக்குள் போய்விடுவார். பிறர் பயப்படுகிற இடமாகிய காடு அவருக்கு மட்டும் பயமற்ற இடமாக அமைந்தது இவ்விதந்தான். 1939-இல் நடந்தது இன்னும் விசித்திரமானது. அடிபட்டவர் அவர், எதிர்த்து ஒரு மாவு மூட்டையைக் கணவர்மேல் வீசினார் என்பதற்காகக் கைது செய்யப்பட்டுச் சிறையில் ஒரு ராத்திரி இருந்தவரும் அவரே. உடைந்த பற்களையும் வீங்கிய முகத்தையும் கண்ணால் பார்த்த அவ்வூர் நகரத் தலைவர் அவரை விடுவித்துத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பாதுகாப்பு அளித்தார். 1941-இல் விவாகரத்துக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 53. அதற்குப் பின்னும் கடைசிக் குழந்தைகள் தலையெடுக்கிறவரையில் உழைத்துத்தான் சாப்பிட்டார்.

இனி, பத்திரிகைகள் எழுதிய பாதிக்கு வருகிறேன். நேஷனல் ஜியாக்ரஃபிக் சஞ்சிகையின் 1949 ஆகஸ்டு இதழில், அப்பலாச்சியன் மலைத்தொடரின் முதுகின்மேல் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து வடக்கே மெய்ன் மாநிலம்வரை 14 மாநிலங்களைக் கடந்து செல்லும் நடைபாதையைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பெண்ட்டன் மக்கே என்பவர் 1921-இல் யோசனை சொல்லி, தொண்டர்கள் பலருடைய உழைப்பால் 1937-இல் பூர்த்தியான பாதை அது. அப்போது 2,050 மைல் நீளம். ஒரே பருவத்தில் அதை முழுவதும் நடந்து முடித்ததாக முதன்முதல் அறிவித்தவர் ஏர்ல் ஷாஃபர் என்ற வாலிபர், யுத்தத்திலிருந்து திரும்பியவர், 1948-இல் முடித்தார். அதுவரை தனியாக அதை நடந்து முடித்த ஸ்திரீ ஒருவரும் இல்லை. அந்தச் சஞ்சிகையின் வர்ணனையிலே, பாதை நன்றாக அடையாளமிடப்பட்டிருக்கிறது என்றும், ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் உண்டு என்றும் படித்த எம்மா அம்மாளின் உள்ளத்தில் ஒரு சங்கற்பம் விழுந்தது. அதை ஒருவரிடமும் அவர் வெளியிடவில்லை.

1954-இல் வடகோடியிலிருந்து தொடங்கிய முதல் முயற்சி படுதோல்வி. காட்டில் வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, ஆகாரம் தீர்ந்துபோன நிலையில் வனக்காவலர் அவரைக் கண்டுபிடித்து, "பாட்டி, வீட்டுக்குப் போய்ச் சேருங்கள்" என்கிற பாவனையில் புத்தி சொல்லி அனுப்பிவைத்தனர். ஊர் திரும்பியவர் தம் மக்களிடம் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. மறு வருஷம் மே மாதம் 3-ஆம் தேதி, தம் 67-ஆம் வயதில், இம்முறை அப்போதைய தென்கோடியாகிய ஓகல்தார்ப் மலையில் நின்றார். பிள்ளைகளிடம் சொல்லியிருந்ததெல்லாம் "கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்" என்பதுதான். எங்கே, எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் பிற்பாடு தெரிந்துகொண்டார்கள். சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள் என்பதை அந்தத் தாய் அறியாதவர் அல்ல. பதினொரு பேரை வளர்த்தவருக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது தெரியாதா?

அவருடைய மூட்டையைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்த அம்மாளுடைய கற்பனா சக்தி கவிதைகளைக் காட்டிலும் அதிலேதான் பிரகாசிப்பதாக நான் நினைக்கிறேன். மலையேறுவோர் முதுகில் கட்டிக்கொள்ளும் விலையுயர்ந்த பையோ, கூடாரமோ, உறங்கு பையோ அவரிடம் இல்லை. தடித்த டெனிம் துணியில் தம் கையாலேயே தைத்த ஒரு சுருக்குப் பை. அதை ஒரு தோளில் போட்டுக்கொள்வார். அதற்குள் ஒரு ராணுவக் கம்பளி, ஒரு மழைக்கோட்டு, மாற்றுத் துணி கொஞ்சம், குறிப்பெழுதச் சிறு நோட்டு ஒன்று. குளியலறையில் திரையாகத் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று. மழை பெய்தால் அதுவே கூரை, தரை ஈரமாக இருந்தால் அதுவே பாய். எல்லாம் சேர்ந்து 20 ராத்தலுக்குள். காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. ஒரு ஜோடி தேய்ந்தால் இன்னொரு ஜோடி. ஆகாரம் டப்பாவில் அடைத்த சிறு இறைச்சித் துண்டுகள், உலர்ந்த திராட்சை, கடலை வகைகள், வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் சாற்றுக் கட்டிகள். போதாததற்கு வழியிலே விளைந்த காட்டுப் பழங்களும் கீரையும். எது தின்னத் தகுந்தது என்று சின்ன வயதிலிருந்தே காட்டோடு பழகியவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்று சுமையைக் குறைத்து நடப்பதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்துவிட்ட மலைநடைக்காரர்கள், கிராம் கணக்கில் நிறுத்து வாங்கிய சாமான்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தங்கள் மார்க்கத்துக்கு ஆதிகர்த்தாக்களில் ஒருவராக இந்தப் பாட்டியைக் குறிப்பிடுகிறார்கள்.

பாதை சஞ்சிகை சொன்னபடி இருக்கவில்லை. தங்குமிடங்கள் சில இடிந்தும் எரிந்தும் கிடந்தன. அடையாளங்கள் பல இடங்களில் அழிந்துபோயிருந்தன. கிராமத்து வீடுகளின் கதவைத் தட்டி இடம் கேட்டார்; உள்ளே அழைத்துச் சோறும் படுக்கையும் கொடுத்தவர்கள் உண்டு, தனியாகத் திரியும் கிழவியைச் சந்தேகித்துக் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. இலைச் சருகைக் குவித்து அதன்மேல் படுத்த இரவுகளும், அனலில் காய்ச்சிய கற்களின்மேல் குளிர் காய்ந்துகொண்டு கிடந்த இரவுகளும் உண்டு. அந்த ஆகஸ்டில் கோனி, டயேன் என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து கிழக்குக் கடற்கரை மாநிலங்களை மூழ்கடித்தன. பாலம் போய்விட்ட ஓர் ஆற்றை, கடற்படையில் இருந்த இரண்டு வாலிபர்கள் தங்களோடு அவரையும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு கடத்திவிட்டனர். இதற்குள் செய்தி பரவிவிட்டது. ஊருக்கு ஊர் நிருபர்கள் காத்திருந்து, ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவரோ ஒருவருக்குச் சொன்ன பதிலை இன்னொருவருக்குச் சொல்லவில்லை. வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன் என்பார். நடக்க வேண்டுமென்று தோன்றியது என்பார். கணவரைப் பற்றிக் கேட்டால், தாம் ஒரு விதவை என்பார். கணவரோ அப்போது உயிரோடு இருந்தார்.

1955 செப்டம்பர் 25-ஆம் தேதி, 146 நாள் கழித்து, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரத்தில் ஏறி நின்று, தம் தேசத்தைப் போற்றும் பாடல் ஒன்றைத் தனியே பாடினார். பிறகு அவருக்கு வந்த பேட்டிகளிலே மிகவும் ரஸமானது, அந்தப் பாதையைப் பற்றி அவர் அடுக்கிய புகார்கள்தான்: எந்த மலையிலும் ஆகப் பெரிய பாறையாகத் தேடிப் பிடித்து அதன்மேலேதான் பாதையைப் போட்டிருக்கிறார்கள் என்றும், இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தால் தொடங்கியே இருக்கமாட்டேன் என்றும், தொடங்கிய பிறகு விடுவதற்கு மனம் வரவில்லை என்றும் அவர் சொன்னார். தெரிந்திருந்தால் தொடங்கியே இருக்கமாட்டேன் என்றவர், தெரிந்தபின்பே 1957-இல் மறுபடியும் முழுப் பாதையையும் நடந்தார். இரண்டு முறை முடித்தவர் ஆண்களிலும் அதற்குமுன் இல்லை. பகுதி பகுதியாக நடந்து மூன்றாம் முறையை 1964-இல் பூர்த்தி செய்தார். இடையில் 1959-இல், ஒரிகன் மாநிலத்தின் நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய குடியேறிகளின் வழியில் வண்டிகள் புறப்பட்டபோது, 71 வயதில் தாமும் மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் என்னும் ஊரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, ஏறத்தாழ 2,000 மைல் நடந்து போர்ட்லண்டு சேர்ந்தார். வண்டிகளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர் அவர்.

சாகசம் இவ்வளவு போதும். மலர்கள் புகழும் தாராளம் எங்கே என்று கேட்பீர்கள். அன்னமிட்ட கதை எதுவும் இங்கே சொல்லப்போவதில்லை. பதினொரு குழந்தைகளுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் அவர் இட்டிருப்பார், எல்லாப் பாட்டிமாரும் இடுகிறார்கள். அவருடைய தாராளம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒஹையோவில் பக்கை நடைபாதை என்று ஒன்றை ஏற்படுத்துவதற்காக 1959-இல் ஒரு சங்கம் தொடங்கியபோது அதன் தொடக்க காலத்திலேயே சேர்ந்து, தம் பிறந்த வட்டாரமாகிய காலியாவில் சுமார் 30 மைல் தூரத்துக்கு, புதர் வெட்டுவதும் மரங்களில் அடையாளம் தீட்டுவதுமாக, எண்பதை எட்டிய வயதிலும் நாள் முழுதும் உழைத்தார். அடையாளம் அழிந்த பாதையிலே வழி தவறி மூக்குக்கண்ணாடி உடைந்து நின்ற ஒருவர், பின்னால் வருகிறவர்கள் முகம் தெரியாதவர்களாக இருந்தும் அவர்களுக்காக மரத்துக்கு மரம் வர்ணம் பூசிக்கொண்டு போகிறார். ஹாக்கிங் மலைப்பகுதியில் ஒவ்வொரு ஜனவரியிலும் பனிக் குளிரில் நடக்கிற கூட்டத்துக்கு முன்னால் அவரே நடந்து வழிகாட்டினார். அந்த ஆறு மைல் பாதை இன்று அவர் பெயரால் வழங்குகிறது. 1973 ஜூன் 4-ஆம் தேதி, 85-ஆம் வயதில் காலமானார். 2012-இல் அப்பலாச்சியன் பாதையின் புகழ்வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

இவ்வளவிலும், அடியும் உதையும் சிறையும் அக்காலத்துப் பத்திரிகைகளில் ஒரு வரிகூட வரவில்லை. நடந்த பாட்டி, வேடிக்கைக்கார பாட்டி, கான்வாஸ் ஷூ பாட்டி என்றே எழுதினார்கள். 2014-இல் பென் மாண்ட்கமரி என்ற பத்திரிகையாளர் அவருடைய மக்களைத் தேடிப்போய், நோட்டுகளையும் கடிதங்களையும் வாங்கிப் படித்து ஒரு புத்தகம் எழுதிய பிறகுதான் இரு பாதியும் பொதுஜனங்களின் கண்ணில் ஒன்றாகப் பட்டன. அந்த மக்கள் பேசச் சம்மதித்தார்களே, அதற்காக நான் அவர்களை நமஸ்கரிக்கிறேன். செத்துப்போன தகப்பனைக் காட்டிக்கொடுப்பதாகாதா, குடும்ப மானம் என்னாவது என்று அவர்கள் மௌனமாக இருந்திருந்தால் ஒருவரும் அவர்களைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கிழவி ஒருத்தி ஏதோ பைத்தியக்கார ஆசையால் மலை ஏறினாள் என்ற கதை மட்டும் மிஞ்சியிருக்கும். காடு அவருக்கு என்னவாக இருந்தது என்பது போயிருக்கும்.

எங்கள் பாட்டி மலையொன்றும் ஏறவில்லையே என்பீர்கள். உங்கள் மலர்களில் 'ரங்கூனில் பிறந்து, 1942-இல் தாயகம் திரும்பினார்' என்று ஒரு வரி இருக்கக் கண்டிருக்கிறேன். திரும்பினார் என்றால் எப்படித் திரும்பினார்? கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். ஜப்பானியர் குண்டுபோட ஆரம்பித்த பிறகு, தௌங்குப் கணவாயைத் தாண்டி அரக்கான் கரைக்கும், டாமு வழியாக மணிப்பூருக்கும், லக்ஷக்கணக்கான இந்தியர் காட்டிலும் மலையிலும் காலராவிலும் நடந்து வந்தார்கள். வந்து சேராதவர்கள் ஏராளம். அவர்களில் தமிழர் அநேகர். உங்கள் பாட்டிக்கு அப்போது எட்டு வயதாக இருந்திருக்கலாம், இடுப்பில் ஒரு தம்பி இருந்திருக்கலாம். அந்த நடையை ஒரு வினைச்சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டு, அடுத்த பத்தியில் அவர் வைத்த மீன்குழம்பின் ருசிக்கு எட்டு வரி கொடுத்திருக்கிறீர்கள். அப்படியே மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து 1943-இல் இந்திய விடுதலைக்காகப் போரிடத் திரண்ட ஜான்ஸி ராணிப் பெண்கள் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களும் பிற்காலத்தில் பாட்டிகளாகத்தானே ஆனார்கள். 1945-இல் ரங்கூனிலிருந்து பாங்காக்கை நோக்கிப் பெருந்தூரம் நடந்தே பின்வாங்கிய அணியில் இருந்தவர் ஒருவர், பேரன் பேத்திகள் அறிந்தமட்டில் சாந்த ஸ்வரூபியாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவராக இருக்கக் கூடும்.

இத்தகைய பெரிய சம்பவம் ஒன்றும் இல்லாத பாட்டிமாரே அதிகம். அவர்களுக்காக நீங்கள் சாகசத்தைக் கற்பனை செய்து சேர்க்க வேண்டாம், அது இன்னும் மோசம். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் எங்கேயாவது போய் வந்தாரா, எதையாவது வாங்கினாரா, எதையாவது கற்றுக்கொண்டாரா என்று மட்டும் விசாரித்துப் பாருங்கள். பெரியம்மாவிடம் கேளுங்கள், பாட்டியோடு சேர்ந்து கோயிலுக்குப் போன அயல்வீட்டு அம்மாள் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், மக்களிடம் சொல்லாததைப் பெண்கள் சிநேகிதியிடம் சொல்லியிருப்பார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த பழைய செய்தித்தாளை எடுத்துப்போடுமுன் அதற்குக் கீழே பாருங்கள். கணக்கு நோட்டில் பால்காரனுக்கும் வண்ணானுக்கும் நடுவே இனம் தெரியாத ஒரு பெயருக்கு மாதாமாதம் ஐந்து ரூபாய் எழுதியிருந்தால், அந்தப் பெயர் யாருடையது என்று கண்டுபிடிக்காமல் மலரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

தாத்தாவைப் பற்றிக் கசப்பான விஷயம் ஏதேனும் கிடைத்தால் என்ன செய்வது என்று நீங்கள் கலங்குவது எனக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் ஊரறியப் போட்டாக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உயிரோடிருப்பவர்களின் சம்மதம் வேண்டும், எம்மா அம்மாளே விதவை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்தானே. அச்சில் போட முடியாததை ஒரு நோட்டிலாவது எழுதித் தேதியிட்டு, குடும்பத்தில் நிதானமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். 'இனிய இல்லறம் நடத்தினார்' என்று மட்டும், அது இனிதாக இருக்கவில்லை என்று தெரிந்துகொண்டே, வழக்கம்பற்றி எழுதிவிடாதீர்கள். வெறுமனே 'மணந்தார்' என்று எழுதினால் போதும்.

அச்சகத்தார் பக்கக் கணக்குச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். இரங்கல் செய்திகளில் பாதியை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகக் கிடைக்கும். பிரமுகர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். மலர் வெளிவந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.

இங்ஙனம்,
உங்கள் மலர்களை வரிவிடாமல் படிக்கும் ஒருவன்